ஐடா ஸ்கடர் அம்மையார்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். அவ்வூருக்கு மேற்கே உயர்ந்து செல்லும் மலைச்சரிவுகளில், வானளாவிய மரங்களின் நிழலில், ஏலச்செடிகள் செழித்து நிற்கின்றன. ஏலக்காய், செடியின் உச்சியில் காய்ப்பதன்று. அடித்தூரிலிருந்து படரும் சரங்களில் காய்ப்பது. ஆதலால் அதனைப் பறிப்போர், ஈரத்தரையில் நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் உழைத்தல் வேண்டும். அவ்வாறு உழைப்போருள் மிகப் பெரும்பாலோர் பெண்களே.

அவர்தம் கைகள் பறித்த ஏலக்காய் மூட்டை மூட்டையாக மலையிறங்கி, விற்பனைக் கூடம் சென்று, கடல் கடந்த நாடுகளுக்கும் போய்ச் சேர்கின்றது. ஆனால், சாலை எட்டாத மலைக்குடியிருப்பு ஒன்றில் ஒரு பெண் பேறுகால நோவுற்றால், அவள் கீழிறங்கும் வழி அத்துணை எளிதன்று. கம்பும் துணியும் கொண்டு டோலி கட்டி, உறவினர் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து, கற்பாறை வழியே இறங்குவர். அவ்வழியில் கழியும் ஒவ்வொரு நாழிகையும் தாய், சேய் என்னும் இரண்டு உயிர்களுக்குத் தீங்காய் முடியலாம். மருத்துவம் உலகில் இருந்தும், அது வேண்டுவோர்க்கு எட்டாத தொலைவில் இருப்பின் பயன் யாது?

இவ்வினாவைத் தம் இளமையிலேயே எதிர்கொண்டு, வாழ்நாள் முழுவதையும் அதற்கு விடையாக அளித்தவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். போடிக்கு வடகிழக்கே, அகமலைக்கு அப்பால் உள்ள கோடைக்கானல் மலையில், 1960-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், தம் எண்பத்தொன்பதாம் வயதில் அவர் உயிர் நீத்தார். அவரே வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார். அவர்தம் வரலாறு நாம் அறிந்து போற்றுதற்குரியது.

பிறப்பும் இளமையும்

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் என்பவர் நியூயார்க் நகரில் புகழுடன் விளங்கிய மருத்துவர். அவர் தம் தொழிலையும் வருவாயையும் துறந்து, 1819-ஆம் ஆண்டில் இலங்கைக்குப் புறப்பட்டு, யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவத் தொண்டு புரிந்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்தார். அவருடைய மக்களும் பேரரும் அத்தொண்டினையே தம் குடித்தொழில் எனக் கொண்டனர். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஆர்க்காட்டு மிஷன் என்னும் அமைப்பு அக்குடும்பத்தாரின் முயற்சியால் உருவாயிற்று. அக்குடியில், மருத்துவரான இரண்டாம் ஜான் ஸ்கடரின் ஒரே மகளாக, 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

அவருக்கு ஆறு வயது நிரம்பியபொழுது, தென்னாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் எண்ணிறந்த உயிர்கள் மாண்டன. பசியால் வாடி நின்ற சிறுவர்க்கு ரொட்டித் துண்டுகளைப் பிய்த்து ஊட்டும் பணியில் இச்சிறுமியும் ஈடுபட்டாள். அந்தக் காட்சி அவள் உள்ளத்தில் இரக்கத்தை மட்டும் விதைக்கவில்லை, அச்சத்தையும் விதைத்தது. பின்னர் அமெரிக்கா சென்று கல்வி கற்றபொழுது, துன்பம் நிறைந்த அந்நாட்டுக்கு மீண்டும் செல்லேன் என்று உறுதி பூண்டாள். பாட்டனார் வழியும் தந்தையார் வழியும் தமக்கு வேண்டா; இனிய இல்லறமும் வளமான வாழ்வுமே போதும் என்று எண்ணினாள். பெரியோர் பலரும் பிறந்தபொழுதே பெரியோராய்ப் பிறந்திலர் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

மூன்று அழைப்புகள்

1890-ஆம் ஆண்டில், நோயுற்றிருந்த தாயாருக்குத் துணையாகச் சில காலம் மட்டும் தங்கும் எண்ணத்துடன் ஐடா இந்தியாவுக்கு வந்தார். பெற்றோர் அப்பொழுது திண்டிவனத்தில் இருந்தனர். ஓரிரவு அவர் தனித்திருந்து படித்துக்கொண்டிருந்தபொழுது, வாயிலில் ஒருவர் வந்து நின்றார். அவர் அந்தணர். இளம்பருவத்தினளான தம் மனைவி பேறுகால வேதனையில் துடிப்பதாகவும், உடனே வந்து உதவ வேண்டும் என்றும் கேட்டார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையாரை அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்த்தல் குலவழக்கத்துக்கு ஒவ்வாது என்று மறுத்து, அவர் கண்ணீருடன் திரும்பினார்.

சற்று நேரத்தில் இசுலாமியர் ஒருவர் வந்தார். அவரும் அவ்வுதவியையே வேண்டினார். ஆண் மருத்துவர் வருதலை அவரும் ஏற்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் வேறொரு குலத்தைச் சார்ந்த இந்து. அவரும் அவ்வாறே கேட்டு, அவ்வாறே மறுத்து, அவ்வாறே சென்றார். சமயத்தாலும் குலத்தாலும் வேறுபட்ட அம்மூவரும் தம் மனைவியர்பால் அன்பு இல்லாதவர் அல்லர். நள்ளிரவில் உதவி தேடி ஓடி வந்தவர்களே. எனினும், வழக்கம் என்னும் சுவர் அவர்களையும் மருத்துவரையும் பிரித்து நின்றது. மூன்று வீட்டுப் பெண்களும் பொழுது விடியுமுன் மாண்டனர் என்னும் செய்தி காலையில் வந்தது.

ஐடா கண்ணுறங்கவில்லை. அன்றே தம் பெற்றோரிடம் சென்று, தாம் மருத்துவம் கற்றுத் திரும்பி வந்து, இந்நாட்டுப் பெண்களுக்குப் பணி செய்யப்போவதாகத் தெரிவித்தார். வேண்டா என்று விலகிச் சென்ற வழியே அவருக்குரிய வழியாயிற்று.

ஒரு படுக்கை

அக்காலத்தில் அமெரிக்காவிலும் பெண்கள் மருத்துவம் பயில்வது அரிது. ஐடா பிலடெல்பியா நகரில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். பின்னர்ப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய கார்னெல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, 1899-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எடுக்கப் பொருள் தேடினார். நியூயார்க் நகரச் செல்வர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். அருகிருந்து வழிகாட்டுவார் என்று நம்பியிருந்த தந்தையார் அவ்வாண்டிலேயே காலமானார். முப்பது வயதும் நிரம்பாத அவர் தளரவில்லை. ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் மக்கள் அவரை நெருங்க அஞ்சினர். நாளடைவில் அச்சம் நீங்கிற்று. இரண்டு ஆண்டுகளில் அவரிடம் மருத்துவம் பெற்றோர் 5,000 பேர். 1902-ஆம் ஆண்டில், 40 படுக்கைகளைக் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வழியோர மருத்துவம்

மருத்துவமனை எழுந்துவிட்டது, நோயாளரும் வந்தனர். அத்துடன் பணி நிறைவுற்றது என்று ஐடா அமையவில்லை. வருவோரைக் கண்டபொழுது, வராதோரை அவர் நினைத்தார். நடக்கவியலாத முதியவர், வண்டிக்கூலி கொடுக்க வழியில்லாத ஏழைகள், ஒருநாள் கூலியை இழந்தால் அன்றிரவு பட்டினி கிடப்போர், ஊராரால் ஒதுக்கப்பட்ட தொழுநோயாளர் ஆகியோர் நகரத்து மருத்துவமனையை எவ்வாறு அடைவர்? அவர்கள் வாராராயின் தாம் செல்வதே முறை என்று துணிந்தார்.

முதலில் மாட்டு வண்டியிலும், பின்னர்ச் சிறியதொரு மோட்டார் வண்டியிலும் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, குறித்த நாளில் குடியாத்தம் செல்லும் சாலையில் அவர் புறப்படுவார். மோட்டார் வண்டியைக் கண்டறியாத சிற்றூர் மக்கள், மாடின்றி உறுமிக்கொண்டு ஓடும் அதனைப் பேய் என்று கருதி முதலில் ஓடி ஒளிந்தனர். பின்னர், அவ்வண்டியின் வரவையே எதிர்நோக்கிச் சாலையோர மரநிழல்களில் காலை முதலே காத்திருந்தனர். மரத்தடியே மருத்துவமனை ஆயிற்று. புண்ணைக் கழுவிக் கட்டுதல், கண்ணுக்கு மருந்திடுதல், கட்டியை அறுத்தல், கடுநோயுற்றாரை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் ஆகிய பணிகள் அங்கே நடைபெற்றன. பல குலத்தாரும் பல சமயத்தாரும் ஒரே மரத்தின் நிழலில் அமர்ந்து, ஒரே கையால் மருந்து பெற்றனர். உயர்வு தாழ்வு கூடாது என்று மேடையேறிப் பேசுவதினும், அந்நிழலில் நிகழ்ந்த அச்செயல் ஆற்றல் மிக்கதன்றோ?

பெண்களுக்கு ஒரு கல்லூரி

தாம் ஒருவர் எத்துணை உழைப்பினும், இந்நாட்டுப் பெண்கள் அனைவர்க்கும் உதவுதல் இயலாது என்பதை ஐடா உணர்ந்தார். அயல்நாட்டு மருத்துவர் சிலரை வரவழைப்பதாலும் அக்குறை தீராது. இந்நாட்டுப் பெண்களே மருத்துவராகவும் செவிலியராகவும் ஆதல் வேண்டும் என்பது அவர் முடிபு. செவிலியர் பணியை இழிவெனக் கருதிய அக்காலத்தில், 1909-ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார்.

பெண்கள் மருத்துவம் படிக்க முன்வருவரா என்று ஐயுற்றோர் பலர். ஆனால், முதலாண்டிலேயே 151 பேர் விண்ணப்பித்தனர்! அவருள் சிலரையே சேர்த்துக்கொள்ள இடம் இருந்தது. ஓராண்டு கழித்துச் சென்னையில் நடைபெற்ற தேர்வினை அப்பள்ளியின் மாணவியர் பதினால்வர் எழுதினர், பதினால்வரும் தேறினர். ஐயுற்றோர் வாயடைத்தனர். 1928-ஆம் ஆண்டில் காந்தியடிகள் அப்பள்ளிக்கு வருகை புரிந்தார்.

ஓர் அரிய சோதனை

1938-ஆம் ஆண்டளவில் அப்பள்ளிக்குப் பெரியதோர் இடையூறு நேர்ந்தது. மருத்துவச் சான்றிதழ்ப் படிப்பினை நிறுத்திவிட்டு, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு ஒன்றே இனி நடைபெறுதல் வேண்டும் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. பட்டப்படிப்புக்குரிய ஆய்வுக்கூடங்களும், பேராசிரியர்களும், மிகுதியான படுக்கைகளும் வேண்டும். அவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டும். இயலாதெனின், பள்ளியை மூடுதல் வேண்டும்.

ஐடாவுக்கு அப்பொழுது வயது எழுபதை நெருங்கியிருந்தது. உலகப்போரும் மூண்டிருந்தது. எனினும் அவர் அமெரிக்காவுக்குச் சென்று, ஊர் ஊராகப் பேசிப் பொருள் திரட்டினார். பல திருச்சபைகளும் ஒன்றுகூடி உதவினால் கல்லூரி நிலைபெறும். ஆனால், அதற்கு ஆடவரையும் மாணவராகச் சேர்த்தல் வேண்டும் என்னும் கருத்து எழுந்தது. பெண்களுக்கென்றே தொடங்கிய நிலையத்தில் ஆடவர்க்கு இடமளிப்பது, கொண்ட நோக்கத்தைக் கைவிடுவதாகும் என்று அவர்தம் நெடுநாள் துணைவியர் சிலர் வெகுண்டனர். அவர்தம் கூற்றிலும் நியாயம் இருந்தது. திண்டிவனத்து இரவை மறவாத ஐடாவின் உள்ளம் இருதலைக் கொள்ளி எறும்பாயிற்று. ஆழ்ந்து எண்ணிய பின், நிலையம் அழிவதினும், ஆடவரும் பெண்டிரும் ஒருங்கு பயின்று மக்கட்கு உதவுவதே தக்கது எனத் தெளிந்தார். தம் கருத்தே நிலைக்க வேண்டும் என்னும் பிடிவாதத்தைத் துறந்து, தாம் எடுத்த பணி நிலைக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தது, பொருள் திரட்டியதினும் அரிய செயலாகும்.

1942-ஆம் ஆண்டில் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. 1947-ஆம் ஆண்டில் ஆடவரும் மாணவராகச் சேர்ந்தனர். 1946-ஆம் ஆண்டில் ஐடா தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர், ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண் மருத்துவர் அப்பொறுப்பினை ஏற்றார். இந்நாட்டுப் பெண்களே மருத்துவராதல் வேண்டும் என்னும் ஐடாவின் விருப்பம் அவர் கண்முன்னே நிறைவேறியது. சாலையோரத்தில் அவர் புண் கழுவிய தொழுநோயாளர்க்குச் சுருங்கிய கைவிரல்களை அறுவை முறையால் சீர்ப்படுத்தும் மருத்துவமும் 1940-களின் இறுதியில் அங்கே தொடங்கப்பெற்றது.

புகழ் உடம்பு

ஐடா அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பின், இளமையிலிருந்தே கோடையில் தங்கி வந்த கோடைக்கானலில் வாழ்ந்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரியிட்ட கடிதம் ஒன்று தவறாது அவரை வந்தடைந்ததாம். 2000-ஆம் ஆண்டில், வேலூர் மருத்துவப்பணியின் நூற்றாண்டினையொட்டி, இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு படுக்கையில் தொடங்கிய அந்நிலையம் இன்று உலகம் அறிந்த பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

மாணவர்களே! ஐடா அம்மையார் தம் சமயப்பற்றினால் தொண்டு செய்ய வந்தவர். ஆயினும், அவர் மருந்திட்ட மரநிழலில் எல்லாச் சமயத்தார்க்கும் இடம் இருந்தது. இரக்கம் கண்ணீரோடு நின்றுவிடின் பயனில்லை. அது கல்வியாகவும், உழைப்பாகவும், தமக்குப் பின்னும் நிலைக்கும் நிலையமாகவும் மாறுதல் வேண்டும். மாறியபின்னும் தன் வாயிலில் அமர்ந்திராது, வர இயலாதவரை நாடிச் செல்லுதல் வேண்டும். இதுவே அவர் வாழ்க்கை உணர்த்தும் உண்மை.

ஏலம் மணக்கும் மலைச்சரிவுகளிலிருந்து டோலியில் ஒரு தாய் சுமந்து வரப்படும் ஒவ்வொரு முறையும், திண்டிவனத்து இரவில் எழுந்த அழைப்பு மீண்டும் எழுகின்றது. அதனைக் கேட்டு எழுந்து செல்பவர் உங்களுள் ஒருவராதல் கூடும்.