இரும்புக் கைப்பிடிக்கு விடை தந்தவர்

அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில், லவுடன்வில் என்னும் சிற்றூருக்கு அருகே, ஓர் உழவர் குடும்பத்தில் 1876 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29 ஆம் நாள் சார்லஸ் கெட்டரிங் பிறந்தார். இளமை முதலே அவருக்குக் கண்பார்வை குறைவு. சிறிது நேரம் நூலைப் பார்த்தாலே தலைவலி தொடங்கிவிடும். ஆயினும் கல்வியின்மீது அவருக்கு இருந்த வேட்கை குறையவில்லை. சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலச் சேர்ந்தார். கண்ணோய் மிகவே படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. தொலைபேசிக் கம்பம் நடும் குழுவில் கூலிவேலைக்குச் சென்றார். குழி தோண்டினார், கம்பம் ஏறினார், கம்பி இழுத்தார். திறந்த வெளியில் உழைத்ததால் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது, உடலும் தேறியது. மீண்டும் பல்கலைக்கழகம் சென்றபோது, உடன்பயின்ற நண்பர்கள் பாடங்களை உரக்கப் படித்துக் காட்ட, அவர் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டார். 1904 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27.

அவ்வாண்டே டேட்டன் நகரில் பணப்பதிவு எந்திரங்கள் செய்யும் பெரிய நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. கடைக்காரர் விலையைப் பதிவு செய்ததும் மணி ஒலிக்க, காசு வைக்கும் இழுப்பறை தானே திறந்துகொள்ளும் எந்திரம் அது. பெரிய எந்திரங்களில் அதற்கு ஒரு திருகுபிடியைக் கையால் சுழற்ற வேண்டும். அவ்வேலையை மின்சாரத்தால் செய்யும் வழியைக் கெட்டரிங் தேடினார். இழுப்பறையைத் தள்ளும் விசை மிகுதியாக வேண்டும். ஆனால் அது ஒரு நொடிக்கு மட்டுமே வேண்டும். அடுத்த வாடிக்கையாளர் வரும்வரை மோட்டாருக்கு ஓய்வுதான். எனவே சிறிய மோட்டாரின்மீது அதன் அளவுக்கு மீறிய சுமையைத் துணிந்து ஏற்றினார். சூடேறிக் கெடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கடைக்கல்லாவில் கண்ட இந்த உண்மையே பின்னாளில் காரின் வரலாற்றை மாற்றப் போகிறது.

1909 ஆம் ஆண்டில் கெட்டரிங் அந்நிறுவனத்தை விட்டு விலகி, எட்வர்டு டீட்ஸ் என்னும் நண்பருடன் சேர்ந்து டெல்கோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். டீட்ஸின் வீட்டுப் பின்புறம் இருந்த கொட்டகையே அவர்களின் ஆய்வுக்கூடம். எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் அமைப்பொன்றை அங்கே செய்தார்கள். காடிலாக் கார் நிறுவனத்தின் தலைவரான ஹென்றி லேலண்டு அதனை விரும்பி வாங்கினார். ஆனால் லேலண்டின் மனத்தை வேறொரு துயரம் அழுத்திக்கொண்டிருந்தது.

அக்காலத்துக் காரில் திருப்புவதற்குச் சாவி கிடையாது. காரின் முன்புறத்தில் ஒரு துளை இருக்கும். அதில் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகி, முழு வலிமையோடு சுழற்ற வேண்டும். நம் ஊர் ஓட்டுநர்கள் அதனை ஹேண்டில் என்பர். வெயில் நாளில் இரண்டு மூன்று சுற்றில் எஞ்சின் உயிர்பெறும். குளிர் மிகுந்தால் அது முரண்டு பிடிக்கும். குடிபாலாவில் மார்கழி விடியலில் சால்வை போர்த்திக்கொண்டால் போதும். தண்ணீர் உறையும் குளிர் அங்கே இல்லை. ஒகையோவிலும் மிச்சிகனிலும் குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்திற்கும் கீழே செல்லும். அப்போது எஞ்சினுக்குள் உள்ள மசகெண்ணெய் பாகுபோல் தடித்து, சுழலும் உறுப்புகளைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோலில் தீப்பொறி பட்டாலும் பயனில்லை.

இதற்காக மக்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. இரவில் ரேடியேட்டரின் நீரை முழுதும் வடித்துவிடுவார்கள். இல்லையேல் அது உறைந்து விரிந்து எஞ்சினைப் பிளந்துவிடும். காலையில் வெந்நீர் காய்ச்சி ஊற்றுவார்கள். மசகெண்ணெயை வடித்துச் சென்று சமையலறை அடுப்பருகே சூடாக்கிக் கொண்டுவருவாரும் உண்டு. போர்டு நிறுவனத்தின் டி வகைக் காரில் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுச் சுழற்றினால் சற்று எளிது என்பதையும் பட்டறிவால் கண்டிருந்தார்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஆபத்து நீங்கவில்லை. தீப்பொறி உரிய நேரத்துக்கு முன்னரே பிறந்துவிட்டால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி எதிர்த்திசையில் திரும்பி மணிக்கட்டை முறிக்கும். சில வேளை முகத்தையும் தாக்கும். கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்று பழகுநர்க்கு முதற்பாடமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். லேலண்டின் நண்பரும் கார் உற்பத்தியாளருமான பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன ஒரு காருக்கு உதவ முயன்றபோது கைப்பிடி தாக்கிக் காயமுற்றார் என்றும், அதன்பின் நிமோனியாக் காய்ச்சல் கண்டு 1908 ஆம் ஆண்டில் இறந்தார் என்றும் காடிலாக் வரலாற்றில் சொல்லப்பட்டு வருகிறது. தம் நிறுவனத்தின் காரில் இனி இந்தக் கைப்பிடிக்கு வேலை இருக்கக்கூடாது என்று லேலண்டு உறுதி கொண்டார். பொறுப்பு கெட்டரிங்கை வந்தடைந்தது.

மின்மோட்டாரால் எஞ்சினைச் சுழற்றலாம் என்னும் எண்ணம் புதியதன்று. ஆனால் அதற்கு ஏறக்குறைய எஞ்சின் அளவுக்கே ஒரு மோட்டாரும், காரே சுமக்க முடியாத அளவுக்கு மின்கலங்களும் வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்கிட்டு, அம்முயற்சியைக் கைவிட்டிருந்தார்கள். கணக்கில் பிழையில்லை, மோட்டார் நாள் முழுதும் ஓடும் என்று எண்ணியதே பிழை. எஞ்சினை எழுப்பச் சில நொடிகள் போதுமே! கெட்டரிங் கடைக்கல்லாவை நினைத்தார். சிறிய மோட்டாரைப் பற்சக்கரங்களின் வழியே எஞ்சினின் சுழல்சக்கரத்தோடு இணைத்தார். நான்கு மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து 24 வோல்ட்டு மின்னழுத்தத்தில் அதனை முடுக்கினார். எஞ்சின் விழித்ததும் அந்தப் பற்சக்கர இணைப்பு விலகிக்கொள்ளும். பிறகு எஞ்சினே அம்மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் மின்னாக்கியாக மாறி, செலவான மின்சாரத்தை 6 வோல்ட்டில் மின்கலங்களுக்குத் திருப்பித் தரும். விளக்குகளும் அம்மின்சாரத்தாலேயே எரியும். கடன் கொடுத்தவனே வட்டியோடு வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடு என்றே இதனைச் சொல்லலாம்.

கொட்டகையில் இரவு பகலாக உழைத்து, 1911 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இக்கருவியை நிறைவு செய்து காடிலாக் நிறுவனத்திடம் அளித்தார்கள். (அதுவரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராய் இருந்த சித்தூர், தனி மாவட்டத்தின் தலைநகரானதும் அதே 1911 இல்தான், ஏப்ரல் முதல் நாளில்.) 1912 ஆம் ஆண்டுக்கான காடிலாக் கார்கள் மின்தொடக்கியுடன் வெளிவந்தன. பிற நிறுவனங்களும் விரைவில் பின்பற்றின. போர்டு மட்டும் 1919 வரை காத்திருந்தது. தோள்வலிமை உடையவரே கார் ஓட்டலாம் என்னும் நிலை மாறியது. பெண்களும் முதியோரும் துணையின்றிக் காரை எடுத்துச் செல்ல முடிந்தது. அதற்கு முன்பு, கைப்பிடி சுழற்ற வேண்டாத மின்சாரக் கார்களைப் பலர் விரும்பி வாங்கினர். பெட்ரோல் காரும் எளிதாகிவிடவே அவற்றின் விற்பனை சரிந்தது. இன்று மின்சாரக் கார்கள் சாலைக்குத் திரும்பியிருப்பதைக் கெட்டரிங் கண்டிருந்தால் வியந்திருப்பார்.

இந்தியாவில் ஹேண்டில் உடனே மறைந்துவிடவில்லை. அம்பாசிடர் காரிலும் பழைய லாரிகளிலும் அது நெடுங்காலம் கூடவே வந்தது. பேட்டரி ஓய்ந்த நாளில் அதுவே துணை. அதுவும் உதவாவிடில் நாலு பேர் கூடித் தள்ள வேண்டியதுதான். செல்ஃப் எடுக்கவில்லை என்று இன்றும் மெக்கானிக்குகள் சொல்வது கெட்டரிங்கின் கருவியைத்தான். குளிரோடு நடக்கும் போரும் முடிந்தபாடில்லை. பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் கார் பேட்டரியின் ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. லடாக்கில் டீசலே மெழுகுபோல் உறைந்துவிடும்; அதனால் பூச்சியத்துக்குக் கீழே 33 பாகையிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பின்னர் டெல்கோ, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. 1920 முதல் 1947 வரை அதன் ஆராய்ச்சித் துறைக்குக் கெட்டரிங் தலைமை வகித்தார். விரைவில் உலரும் வண்ணப்பூச்சு, தொடர்வண்டிக்கான டீசல் எஞ்சின் என அவர் வழிநடத்திய பணிகள் பல. அனைத்தும் நன்மையாய் முடிந்தன என்று கூற இயலாது. எஞ்சினில் எழும் தட்டொலியை அடக்க, பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கும் முறையை 1921 ஆம் ஆண்டில் அவருடைய குழுவினரே கண்டனர். ஈயம் நஞ்சு என்பதை அக்கால மருத்துவரும் அறிவர். 1924 ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்து ஆலையொன்றில் அச்சேர்மத்தால் 5 தொழிலாளர் இறந்தனர். அதன் பிறகும் விற்பனை தொடர்ந்தது. கெட்டரிங் அதற்கு ஆதரவாகவே நின்றார். கார்ப்புகையோடு கலந்த ஈயம் பல்லாண்டுகள் உலகக் குழந்தைகளின் குருதியில் சேர்ந்தது. இந்தியாவில் 2000 ஆம் ஆண்டிலும், உலகின் கடைசி நாடாக அல்சீரியாவில் 2021 ஆம் ஆண்டிலும்தான் அது கைவிடப்பட்டது. மணிக்கட்டைக் காத்த அறிஞர் இதனைத் தடுத்திருக்கக் கூடாதா என்னும் கேள்வியை அவருடைய வரலாற்றைப் படிப்போர் தவிர்க்க முடியாது.

1945 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தொடங்கப்பெற்ற புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவர் பெயரையும் தாங்கியது. டேட்டனை அடுத்துள்ள ஊர் ஒன்றும் அவர் வாழ்நாளிலேயே கெட்டரிங் என்னும் பெயர் பெற்று நகராயிற்று. 1958 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25 ஆம் நாள், தம் 82 ஆம் வயதில், கெட்டரிங் காலமானார்.