மீன்களின் ஹார்மோனைக் குழப்பும் ரசாயனம்: அன்றே எச்சரித்த ரேச்சல் கார்சன் யார்?

திருவெள்ளறை, ஸ்ரீரங்கம், திருச்சி டவுன் என எங்கே ஆத்து மீன் வாங்கினாலும் முதலில் பார்ப்பது, செவுள் சிவப்பா இருக்கா என்பதைத்தான். ஆனால் தண்ணீரில் கலந்த ரசாயனம் மீனின் ஹார்மோனைக் குழப்பியிருந்தால், அது செவுளில் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஆபத்தைப் பற்றி 60 ஆண்டுகளுக்கு முன்பே பேசியவர் ரேச்சல் கார்சன்.

மீனில் தொடங்கிய படிப்பு

1907 மே 27-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்டேலில் பிறந்தார். விலங்கியல் முதுகலைக்கு அவர் ஆராய்ந்தது, கெளுத்தி இன மீனின் சிறுநீரகம். வீட்டுக் கஷ்டத்தால் மேற்படிப்பு நின்னுபோச்சு. 1935-ல் அப்பாவும் இறந்துவிட, மீன்வளத் துறைக்கு வானொலி உரைகள் எழுதிச் சம்பாதித்தார். 1951-ல் கடல் பற்றி எழுதிய புத்தகம் செம ஹிட். அடுத்த ஆண்டே வேலையை விட்டார்.

செத்துப்போன சால்மன் குஞ்சுகள்

1954-ல் கனடாவின் மிராமிச்சி ஆற்றங்கரைக் காடுகளில், மரங்களை அழிக்கும் புழுவைக் கொல்ல விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்தார்கள். ஆற்றில் சால்மன் குஞ்சுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இப்படிப்பட்ட சம்பவங்களைத் திரட்டி, 1962-ல் ‘மௌன வசந்தம்’ என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகம் வெளியிட்டார். ரசாயனங்கள் ஹார்மோன் சமநிலையையும் கெடுக்கலாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

ரசாயன நிறுவனங்கள் கொந்தளித்தன. அவரோ மார்பகப் புற்றுநோயை வெளியே சொல்லாமலேயே எழுதி முடித்திருந்தார். 1963-ல் அந்த உடல்நிலையோடு அமெரிக்க செனட் குழு முன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14-ல், 56 வயதில் மறைந்தார். 1972-ல் அமெரிக்காவில் டி.டி.டி.க்குத் தடை வந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

ஹார்மோன் எப்படிக் குழம்பும்?

டி.டி.டி.யில் உள்ள ஒரு வகை மூலக்கூறு, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போலவே செயல்படும். உடலும் ஏமாந்துவிடும். 1990-களில் பிரிட்டன் ஆறுகளில் சுத்திகரிப்பு நிலையக் கழிவுநீர் கலக்கும் இடங்களில், ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு புரதம் இருந்தது தெரியவந்தது. கழிவுநீரில் இருந்த ஹார்மோன்களும் தொழிற்சாலை ரசாயனங்களும்தான் காரணம்.

நம்ம காவிரி?

மருந்துப் பொருட்களும் கன உலோகங்களும் காவிரி நீரில் கலந்திருப்பதை 2021-ல் சென்னை ஐஐடி ஆய்வு காட்டியது. பூச்சிமருந்தே கூடாது என்று கார்சன் சொல்லவில்லை. விளைவு தெரியாமல் இயற்கையில் கொட்டாதீர்கள் என்றுதான் கேட்டார். காவிரிக்கும் அதுவே பொருந்தும்.