மன்னன் தள்ளிவைத்த நாள்

அம்பத்தூர் ஆலைகளுக்கு ரயிலேறும் தோழர்கள் அறிந்த ஊர் திருநின்றவூர். அவ்வூரில் வாழ்ந்த பூசலாரின் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார். புராணமெல்லாம் சரித்திரம் என்று நாம் சாதிக்க வரவில்லை. அதிலுள்ள நியாயம் நமக்கு வேண்டும்.

சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார் பூசலார். பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. மனம் தளராமல், நெஞ்சுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். கல்லும் மரமும் சேர்த்தார், தச்சர்களை அமர்த்தினார், இரவிலும் உறங்காமல் வேலை நடத்தினார். விமானம் எழுந்தது, மதில் எழுந்தது. கிணறும் குளமும் வெட்டினார். மனக்கோயிலிலும் தண்ணீரை மறக்காத மனிதர் அவர்! குடமுழுக்குக்கு நாளும் குறித்தார்.

அதே நாளைத்தான் குறித்திருந்தான் காஞ்சியில் பெரும் பொருள் கொட்டிக் கற்றளி எழுப்பிய காடவர்கோன் என்னும் பல்லவ மன்னன். கனவில் வந்த சிவன், அன்று நின்றவூர் அன்பரின் கோயிலுக்குப் போகவேண்டும், உன் விழாவைப் பின்னர் வைத்துக்கொள் என்றாராம். மன்னன் தள்ளிவைத்தான். நின்றவூருக்குத் தானே வந்தான். அப்படியொரு கோயில் இங்கே இல்லையே என்று ஊரார் கைவிரித்தனர். ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்டான். உண்மை அறிந்து, காலில் விழுந்து வணங்கித் திரும்பினான். குறித்த நாளில் பூசலார் மனக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்தி, வாழ்நாளெல்லாம் வழிபட்டு மறைந்தார்.

அரசன் பணம் போட்ட வேலைக்கும் ஏழையைக் கேட்டே நாள் குறிக்கவேண்டும். கதையின் நியாயம் இதுதான்.

நம் காலத்துச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1984 போபால் கொடுமைக்குப் பின் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2006-ல் வந்த அறிவிக்கை, அணை, சுரங்கம், விமான நிலையம் போன்ற பெருந்திட்டங்களுக்கு முன் அனுமதி பெறவேண்டும் என்றது. மண்ணுக்கும் நீருக்கும் என்ன கேடு என்று ஆராயவேண்டும். பொது விசாரணை தேவைப்படும் திட்டமானால், 30 நாள் முன்னறிவிப்புத் தந்து அந்த வட்டாரத்திலேயே மக்களைக் கேட்கவேண்டும்.

ஆனால் நடந்ததென்ன? அனுமதியின்றிக் கட்டியவர்களும் பின்னால் வந்து அனுமதி கேட்கலாம் என்று 2017-லும் 2021-லும் மத்திய சர்க்கார் கதவு திறந்தது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அக்கதவை அடைத்தது. நவம்பரில் மூன்று நீதிபதிகளில் இருவர் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றனர்.

ஏரியைத் தூர்த்துக் கட்டிடம் எழுந்தபின் ஏழையைக் கேட்பது கேள்வியா, கேலியா?

தோழர்களே! உங்கள் வட்டாரத்தில் விசாரணை அறிவிப்பு வந்தால் படியுங்கள்; படித்துச் சொல்லுங்கள்; கூட்டத்துக்குத் திரண்டு செல்லுங்கள். கல் நாட்டும் முன்பே நம் குரல் எழவேண்டும்.