மீனாட்சி அம்மாள்: தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடிய குரல்

அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சனிக்கிழமை தோறும் தரம் 9, தரம் 10 மாணவிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். தலைமைத்துவம், தன்னம்பிக்கை, தீர்மானம் எடுத்தல் என்று பாடத்திட்டத்தில் பெரிய சொற்கள் இருக்கின்றன. வகுப்புக்கு வருபவர்கள் இருபத்திரண்டு பிள்ளைகள். அநேகமானோரின் தாய்மார் கொழுந்து பறிக்கிறார்கள். சிலரின் தாய்மார் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார்கள்.

முதல் நாள் ஒரு கேள்வி கேட்டேன். மேடையேறிப் பேசிய, ஊருக்காக நின்ற ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லச் சொன்னேன். இந்திரா காந்தி வந்தார், அன்னை தெரேசா வந்தார், ஒரு சினிமா நடிகையும் வந்தார். நம்முடைய மலையகத்தில் ஒருவரைச் சொல்லுங்கள் என்றபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும், அப்படி யாராவது இருந்தார்களா மிஸ் என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. 1977 கலவரத்துக்குப் பிறகு இந்த மலைகளை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. கிளிநொச்சியில் பிறந்தேன். அங்கே நாங்கள் தோட்டக்காட்டார். போரின் கடைசி மாதங்களில் எல்லோரோடும் சேர்ந்து ஓடினோம். அப்போது மட்டும் எங்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்து படித்து, அம்மம்மா பிறந்த மலைக்கே வேலைக்குத் திரும்பினேன். அதுவரை எங்கள் சனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. மீனாட்சி அம்மாளின் பெயரை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பாடத்திட்டத்தை மூடிவைத்துவிட்டு அவருடைய கதையைச் சொன்னேன்.

மீனாட்சி அம்மாளைத் தெரிந்துகொள்ள, அவருடைய கணவர் கோ. நடேசய்யரையும் தெரிந்துகொள்ள வேண்டும். தஞ்சாவூரைச் சேர்ந்த நடேசய்யர் தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் பார்க்க விரும்பினார். ஆனால் தோட்டம் என்பது துரையின் தனிச்சொத்து. வெளியாள் காலடி வைத்தால் அத்துமீறல் குற்றம். அதனால் புடைவை வியாபாரி போல மூட்டை சுமந்து லயங்களுக்குள் போனார். 1920இல் இலங்கையிலேயே தங்கினார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். கடனைக் காட்டித் தொழிலாளரைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தாலும், கங்காணியின் பிடியும் துரையின் அதிகாரமும் ஒழியவில்லை. அவற்றுக்கு எதிராக எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பத்திரிகை வேலையில் மீனாட்சி அம்மாளும் தோள் கொடுத்தார். 'தேசபக்தன்' பத்திரிகைப் பணியில் பங்கெடுத்தார். பெண்களின் நிலை பற்றியும் உரிமை பற்றியும் எழுதினார். அது 1920களின் பிற்பகுதி. இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்ற வாதம் சூடாக நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் படித்த, வசதியான குடும்பத்துப் பெண்கள் அந்தக் கோரிக்கையை முன்வைத்தார்கள். தேயிலைச் செடிக்கு நடுவே நின்ற பெண்ணும் அந்தக் கணக்கில் வரவேண்டும் என்று தமிழில் எழுதுவதற்கு ஆள் தேவைப்பட்டது.

அந்தப் பெண்ணின் கணக்கு எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாள் கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பெண் கொழுந்து பறித்தாள், வீடு திரும்பிச் சமைத்தாள், பிள்ளை பெற்றாள். ஆணை விட 11 சதம் குறைவாக வாங்கினாள். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைக்க 1984ஆம் ஆண்டுப் போராட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுடைய பாட்டி வேலைக்குப் பேர் பதிந்தபோதும் குறைந்த சம்பளம்தான்.

1931இல் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கு அதிலும் வதிவிட நிபந்தனைகள் போட்டார்கள். அதே ஆண்டில் நடேசய்யர் அட்டனைத் தளமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்று எழுந்த முதல் தொழிற்சங்கம் அது. மீனாட்சி அம்மாளின் வேலை பத்திரிகை மேசையை விட்டு மக்கள் கூடும் இடங்களுக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

அன்றைய தோட்டத்துச் சனத்தில் பெரும்பாலானோருக்கு வாசிக்கத் தெரியாது. பத்திரிகையில் என்னதான் எழுதினாலும் லயத்துக்குள் அது எழுத்தாகவே கிடக்கும். மீனாட்சி அம்மாள் அதற்கு ஒரு வழி கண்டார். சொல்ல வேண்டியதைப் பாட்டாகக் கட்டினார். கூட்டங்களில் கணவர் பேசுவதற்கு முன்னால் இவர் பாடினார். சனத்துக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுகளில் சம்பளம், உரிமை, ஒற்றுமை என்று புதிய சொற்களை ஏற்றினார். பாரதியின் பாடல்களை மலையகத்தில் பரப்பியதிலும் இந்தத் தம்பதியருக்குப் பங்குண்டு. பேச்சு மறந்து போகலாம். பாட்டு கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறும், பிள்ளையைத் தூங்கவைக்கும்போது வாயில் வரும். எந்தத் துரையாலும் அதை அத்துமீறல் என்று தடுக்க முடியாது.

ஒரு பெண் பொது மேடையில் நின்று வாய்திறந்து பாடுவதே அன்று சாதாரண விஷயம் இல்லை. அதுவும் அரசியல் பாடுவது. சுற்றிப் பெருந்தோட்டங்கள், அவற்றின் துரைமார், கங்காணிமார், வேலை போய்விடும் என்ற பயத்தோடு கேட்டு நின்ற சனம். அந்தச் சூழலில்தான் அவர் பாடினார்.

1936இல் நடேசய்யர் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தோட்டத்து ஆண்களும் பெண்களும் போட்ட வாக்குகள் அவை. ஆனால் காற்று மாறிக்கொண்டிருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் சம்பளம் வெட்டப்பட்டது. இந்திய வம்சாவளியினர் வந்தேறிகள், அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற குரல் உரத்தது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. நேரு நேரில் வந்து பேசியும் பலன் இருக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

அதே 1940இல் மீனாட்சி அம்மாள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். இலங்கையில் வாழும் இந்தியரின் நிலை நாளுக்கு நாள் மோசமாகிறது, அதை மக்களுக்குப் பாட்டு வழியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆட்சியில் இருந்தவர்களை அந்தப் பாடல்கள் நேரடியாகவே கேள்வி கேட்டன. இந்த மண்ணைப் பண்படுத்தியவர்களை எப்படிப் போகச் சொல்லலாம் என்று வழக்காடின. ஒன்றுபடாவிட்டால் உள்ளதும் போகும் என்று சொந்தச் சனத்தையும் எச்சரித்தன.

எச்சரிக்கை பலித்தது. 1947 நவம்பரில் நடேசய்யர் மறைந்தார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்குரிமையும் தொடர்ந்து போனது. 1936இல் வாக்குப் போட்ட ஒரு தாயின் மகளுக்கு வாக்கு இல்லாமல் போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களையே பிரித்தது. இந்தச் சிக்கல் சட்டப்படி முடிய 2003 வரை சென்றது.

வடக்கு, கிழக்கில் இருக்கும் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இடம்பெயர்வும் ஆவணம் இல்லாத வாழ்க்கையும் நமக்குப் போரோடு வந்தவை என்று நினைக்கிறோம். மலையகத்துச் சனத்துக்கு அவை அதற்கும் முன்பே வந்தன. அங்கிருந்து வன்னிக்கு வந்தவர்கள் இரண்டையும் சுமந்தார்கள். மீனாட்சி அம்மாளின் பாட்டு அவர்களுடையது மட்டும் என்று ஒதுக்கிவைக்க நமக்கு நியாயம் இல்லை.

மீனாட்சி அம்மாளை நாம் முழுதாக மறக்கவில்லை என்றால் அதற்கு எழுத்தாளர் சாரல்நாடன், வரலாற்றாய்வாளர் குமாரி ஜயவர்தன போன்றோரின் உழைப்பு காரணம். ஆனாலும் பெரும்பாலும் நடேசய்யரின் மனைவி என்ற அடைமொழியோடுதான் அவர் வருகிறார். கணவரின் பெயரில் ஆய்வு நூல்கள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இவருக்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

கதை முடிந்ததும் பிள்ளைகளிடம், அவர் செய்தது போலச் செய்து பாருங்கள் என்றேன். தெரிந்த ஒரு மெட்டு, சொல்ல வேண்டிய ஒரு விஷயம். மூன்று வாரத்தில் ஒரு பாட்டு தயாரானது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழிக்கும் கிலோ, நிறை குறைந்தால் விழும் அரைப்பேர், மழையில் பாடசாலைக்கு நடக்கும் பாதை, கதவு இல்லாத கழிவறை எல்லாம் அதில் இருந்தன. பரிசளிப்பு நாளில் பாடலாம் என்று அனுமதி கிடைத்தது. பிறகு, அதிதிகள் வருகிறார்கள், கழிவு பற்றிய அடியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டார்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. தோட்டத்தில் வாழப்போவது அவர்கள், நான் அல்ல. முடிவை அவர்களிடமே விட்டேன். அரைமணி நேரம் சத்தமாக வாதாடினார்கள். அம்மாமாருக்குப் பிரச்சினை வரும் என்றார்கள் சிலர். அம்மாமாரையே கேட்போம் என்றாள் அன்று கடைசி வாங்கில் இருந்து கேள்வி கேட்ட பிள்ளை. அடுத்த சனிக்கிழமை பதில் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான தாய்மார் பாடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். அந்த இருவரின் பிள்ளைகளும் மேடைக்கு வரவில்லை, ஆனால் பயிற்சிக்கு வந்து தாளம் போட்டார்கள்.

பரிசளிப்பு நாளில் முழுப் பாட்டையும் பாடினார்கள். பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. தராசு இன்னும் அதே தராசுதான். கழிவறைக்கு மட்டும் இரண்டு மாதம் கழித்துக் கதவு போட்டார்கள். கடைசி வாங்குப் பிள்ளை இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். கொழும்புக்கு வேலைக்கு அனுப்பும் பேச்சு வீட்டில் எழுந்தபோது, பரீட்சை முடியும்வரை போகமாட்டேன் என்று அவளே தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்போது புதிய பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். முதல் நாள் அதே கேள்வியைக் கேட்கிறேன். பழைய பிள்ளைகள் முந்திக்கொண்டு மீனாட்சி அம்மாள் என்கிறார்கள்.