ஆணைக்குப் பின்னால் கணக்குக் கேட்ட தாத்தா

தென்காசி நகராட்சிக்கு ஓர் ஆணையாளர் இருக்கிறார். குற்றாலம் பேரூராட்சிக்குச் செயல் அலுவலர் இருக்கிறார். கிராமங்களுக்கு ஊராட்சிச் செயலர் முதல் வட்டார வளர்ச்சி அலுவலர் வரை இருக்கிறார்கள். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை எல்லாமே இவர்கள் மேசையைத் தாண்டித்தான் நம் தெருவுக்கு வரவேண்டும். வராமல் நின்றுவிட்டால் யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டமன்றம் வரை கொண்டுபோனவர், நம் மக்கள் தாத்தா என்று உரிமையோடு அழைக்கும் இரட்டைமலை சீனிவாசன்.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் கிராமத்தில் 1859 ஜூலை 7 அன்று பிறந்தார். கோவையில் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அந்தச் சிறுவன் யாரோடும் விளையாடவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே நின்று படித்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போவான். பள்ளி விட்டதும் யாரும் பேச்சுக் கொடுக்குமுன் வீட்டுக்கு நடந்துவிடுவான். பொது இடம் எல்லோருக்கும் பொது அல்ல என்பது அவருக்கு அந்த வயதிலேயே புரிந்தது.

படிப்பு முடிந்ததும் நீலகிரியில் ஐரோப்பியர் நடத்திய வணிக நிறுவனங்களில் கணக்கர் வேலை பார்த்தார். எழுதி வைத்ததுதான் கணக்கு, எழுதாதது காற்றோடு போய்விடும் என்பது அந்தத் தொழிலின் பாடம். 1890இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில், எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரையே சூட்டி ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். ஏழு ஆண்டுகள் அதை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் இவருடைய தங்கையை மணந்தவர். இருவரும் வேறு வேறு வழியில் நடந்தாலும், எழுத்துதான் இருவருக்கும் கருவி.

அந்த நாளில் பெரிய சர்ச்சை ஒன்று எழுந்தது. மாவட்டங்களை ஆளும் சிவில் சர்வீஸ் அதிகாரிகளுக்கான தேர்வு லண்டனில் மட்டுமே நடந்துவந்தது. அதை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேரின் கையெழுத்துடன் 112 அடி நீளமான விண்ணப்பத்தை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

வெள்ளையருக்கு வால்பிடித்தார் என்று இதைச் சொல்லி அவரைக் குறை கூறுவோர் இன்றும் உண்டு. அவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். அன்று உயர்கல்வி சில சாதிகளின் கையில் மட்டுமே இருந்தது. தேர்வு இங்கே நடந்தால் ஆட்சி அதிகாரமும் அதே கைகளுக்குத்தான் போகும். தெருவில் நம்மை நடக்கவிடாதவர் வீட்டுப் பிள்ளையே நாளை அதிகாரியாக வந்தால், நம் மனுவை யார் வாங்குவார்? அவர் அஞ்சியது இதைத்தான். அவருடைய முடிவை ஏற்காதவர்கள்கூட இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

1900இல் கடல் கடந்தார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அறுபது வயதைக் கடந்த பிறகு ஊர் திரும்பினார். பலர் ஓய்வெடுக்கும் அந்த வயதில்தான் அவருடைய பெரிய வேலை தொடங்கியது. 1923இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினரானார்.

அப்போது உள்ளாட்சி அமைப்புகளுக்குப் புதிய பலம் கிடைத்திருந்தது. 1920இல் நகராட்சிகளுக்கு ஒரு சட்டமும், ஊர்ப்புறத்து ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒரு சட்டமும் வந்திருந்தன. சாலையும் கிணறும் குளமும் சந்தையும் அவற்றின் பொறுப்பு. பொதுப் பணத்தில் போட்ட சாலையில்தான் நம்மவர் நடக்க முடியவில்லை. பொதுப் பணத்தில் வெட்டிய கிணற்றில்தான் நம்மவர் நீர் இறைக்க முடியவில்லை.

1924 ஆகஸ்ட் 22 அன்று சீனிவாசன் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை. அரசு அலுவலகம், கிணறு, குளம், பொது இடம் எதுவாயினும் சாதி இந்துக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அப்படியே ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அரசு அதை ஆணையாக்கி, 1925இல் அரசிதழிலும் வெளியிட்டது.

இந்தத் தீர்மானம் இரக்கம் வேண்டவில்லை. அரசின் கொள்கை இதுதான் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்தது. அதன்பின் தெருவில் தடுக்கப்பட்டவன் கையில் ஒரு காகிதம் இருந்தது.

ஆனால் காகிதம் மட்டும் போதாது என்பதும் விரைவில் தெரிந்தது. தடுப்பவனுக்கு ஆணையில் தண்டனை இல்லை. கோவை வீரையன் சட்டமன்றத்தில் பாடுபட்டு உள்ளாட்சிச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் தடுப்பது குற்றம் என்றானது. அப்போதும் ஓர் ஓட்டை மிச்சமிருந்தது. தடுப்பவனைப் பார்த்தும் பாராமல் இருக்கும் அதிகாரியை என்ன செய்வது?

அதற்கும் சீனிவாசன் பதில் தேடினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கருடன் சென்றார். ஒடுக்கப்பட்டோருக்கான பாதுகாப்புகளை வரிசைப்படுத்தி இருவரும் சேர்ந்து ஒரு கோரிக்கை மனு அளித்தார்கள். பொது வழியையும் நீரையும் மறுப்பதற்கும் ஊர்விலக்கம் செய்வதற்கும் தண்டனை கேட்டார்கள். அதோடு நிற்கவில்லை. நம் மக்களின் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் வேண்டியதைச் செய்வது அரசின் சட்டக் கடமையாக வேண்டும். கடமையைப் புறக்கணித்தால் மேல்முறையீடு செய்யும் உரிமை வேண்டும் என்றார்கள். செய்ததற்கு மட்டுமல்ல, செய்யாமல் விட்டதற்கும் அதிகாரம் பதில் சொல்ல வேண்டும் என்பதே இதன் பொருள்.

1939இல் தன் வாழ்க்கையை ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலாக எழுதிவைத்த தாத்தா, 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். கடமை தவறும் அரசு ஊழியருக்கே தண்டனை என்று 1989இல் ஒரு சட்டம் சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் ஒருவர் இச்சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. 1924 ஆணையிலிருந்து அந்த வரிக்கு வந்துசேர 65 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 2015 திருத்தம், தலித் உள்ளாட்சித் தலைவரையோ உறுப்பினரையோ பணி செய்யவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது.

அந்தத் திருத்தத்தின் அருமை நம் மாவட்டத்துக்குத் தெரியும். நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் 2006இல் கொல்லப்பட்டார். ஒடுக்கப்பட்டவருக்கு நாற்காலி கிடைத்தாலும் அதில் உட்கார்ந்து வேலை செய்ய விடமாட்டார்கள் என்பதற்கு அவர் இரத்தம் சாட்சி.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் லட்சக்கணக்கானோர் அருவியில் குளித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்கு உரிய கூலி, கையுறை, வருங்கால வைப்பு நிதி கிடைக்கிறதா? உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013 சட்டம் உள்ளாட்சிகளையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இவை நம் நகராட்சியிலும் பேரூராட்சியிலும் எப்படி நடைமுறையாகின்றன என்று கேட்பது யாரையும் பகைப்பதாகாது. வரி கட்டும் குடிமக்களின் உரிமை அது.

கேட்கும் வழி எளிது. தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். கிராமசபையில் எழுந்து பேசுவதோடு நிறுத்தாமல், பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. நம் மாணவர்கள் தாத்தாவின் அந்தச் சிறு நூலைத் தேடிப் படிக்கட்டும். படித்து முடித்த கையோடு, தங்கள் தெருவுக்காக ஒரு மனுவாவது எழுதட்டும்.