5 பவுண்டு கடன்

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் 1863-ம் ஆண்டு பிறந்தவர் பிராங்க் ஹார்ன்பி. இறைச்சி வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதி வந்தார். என்ஜினீயரிங் படித்தவரல்ல.

தம் பிள்ளைகளுக்குத் தகடு வெட்டிப் பொம்மைகள் செய்து கொடுத்தார். ஒரு பொம்மைக்கு வெட்டிய தகடு மற்றொன்றுக்கு உதவவில்லை. யோசித்தார். எல்லாத் தகடுகளிலும் அரை அங்குல இடைவெளியில் துளைகள் போட்டார். திருகாணியைக் கழற்றி மாட்டினால், பாலம் பாரந்தூக்கி ஆயிற்று. பாரந்தூக்கி வண்டி ஆயிற்று!

இதைப் பிறர் காப்பி அடிக்காதிருக்கப் பேட்டண்டு உரிமை வேண்டும். கையில் பணம் இல்லை. முதலாளியிடமே 5 பவுண்டு கடன் வாங்கினார். 1901-ல் உரிமை கிடைத்தது. அதுவே பின்னர் 'மெக்கானோ' என்று புகழ் பெற்றது. 1934-ல் அவருடைய கம்பெனி 'டிங்கி' என்னும் குட்டிக் கார்களையும் விற்றது.

1936-ல் ஹார்ன்பி மறைந்தார். 1979-ல் லிவர்பூல் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆனால் பழைய டிங்கி கார்களைத் தேடி வாங்கி, வர்ணம் தீட்டி, புதுச் சக்கரம் மாட்டி மகிழ்வோர் இன்றும் உண்டு.