பியர் ஓஜே

பியர் விக்டர் ஓஜே (மே 14, 1899 – டிசம்பர் 24, 1993) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் உருவாக்கும் பரந்த காற்றுப் பொழிவுகள் பற்றிய ஆய்வுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமையும் ஓஜே விளைவும்

இவர் பாரிசு நகரில் பிறந்தார். தந்தை விக்டர் ஓஜே வேதியியல் பேராசிரியர். எக்கோல் நோர்மால் சுப்பீரியரில் பயின்றபின் ழான் பெரென் ஆய்வகத்தில் சேர்ந்தார். முகிலறையினுள் எக்சு கதிர்களைச் செலுத்தியபோது, ஒரே அணுவிலிருந்து இரண்டு எலக்ட்ரான்கள் வெளியேறுவதைக் கண்டார். இவற்றுள் இரண்டாவதன் ஆற்றல், செலுத்தப்பட்ட கதிரின் ஆற்றலைச் சார்ந்திருக்கவில்லை. இந்நிகழ்வு ஓஜே விளைவு எனப்படுகிறது. எனினும் லீசு மைட்னர் 1922இலேயே இதனை வெளியிட்டிருந்தார். பெயரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

காற்றுப் பொழிவுகள்

1938இல் ஓஜேயும் ரோலாண்ட் மாசு முதலிய உடன் ஆய்வாளர்களும் கைகர் எண்ணிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்துச் சோதித்தனர். எண்ணிகள் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் பதிவு செய்யும் மின்சுற்று இதற்குப் பயன்பட்டது. தற்செயலாக இவ்வாறு நிகழும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் சுவிட்சர்லாந்தின் யுங்பிராவுயோக் மலையில் எண்ணிகளை 300 மீட்டர் வரை விலக்கியபோதும் உடனிகழ்வுகள் பதிவாயின. வானில் மிக உயரத்தில் மோதிய ஒரே துகளிலிருந்து கிளைத்த துகள்கள், அகன்ற பரப்பில் ஒருசேரத் தரையை அடைகின்றன என்பதே இதன் பொருள். ஏறத்தாழ இதே காலத்தில் செருமனியில் கோல்கோர்சுட்டரும் இதனைக் கண்டார். புரூனோ ரோசி சில ஆண்டுகள் முன்னரே எரித்திரியாவில் இதற்கான அறிகுறியைக் கவனித்திருந்தார்.

ஓஜேயின் தனிச்சிறப்பு அவர் செய்த கணக்கீட்டில் உள்ளது. பொழிவின் துகள் எண்ணிக்கையையும் காற்றில் இழக்கப்படும் ஆற்றலையும் கொண்டு, முதல் துகளின் ஆற்றல் 10¹⁵ எலக்ட்ரான்வோல்ட் அளவினது என மதிப்பிட்டார். கதிரியக்கத்தில் வெளிப்படும் துகள்களின் ஆற்றலோ சில பத்து இலட்சம் எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. இவ்வளவு ஆற்றலை ஒற்றைத் துகளுக்கு அளிக்கக்கூடியது எது என்ற வினா அன்று எழுந்தது.

பிற்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது வட அமெரிக்காவில் பணியாற்றினார். 1948 முதல் யுனெசுகோவின் அறிவியல் பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1954இல் செர்ன் ஆய்வகம் உருவாகப் பாடுபட்டார். பின்னர் ஐரோப்பிய விண்வெளி ஆய்வு அமைப்பின் முதல் தலைமை இயக்குநரானார். 1971இல் கலிங்கா பரிசு பெற்றார்.

ஓஜே ஆய்வகம்

அர்கெந்தீனாவின் மலார்குவே அருகே 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள ஆய்வகம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. அங்கு 1,600க்கும் மேற்பட்ட நீர்த்தொட்டிகள் 1.5 கிலோமீட்டர் இடைவெளியில் நிறுவப்பட்டுள்ளன. பொழிவுத் துகள்கள் நீரைக் கடக்கையில் தோன்றும் செரன்கோவ் ஒளி பதிவாகிறது. தொட்டிகளுக்கிடையே உள்ள நேர வேறுபாட்டிலிருந்து துகள் வந்த திசை கணிக்கப்படுகிறது. மிகையாற்றல் துகள்கள் நமது பால்வழிக்கு வெளியிலிருந்து வருகின்றன என்பதற்கான வலுவான சான்றை இவ்வாய்வகம் 2017இல் வெளியிட்டது. அவற்றை முடுக்கும் வான்பொருள்கள் எவை என்பது இன்னும் உறுதியாகவில்லை.